கண்ணாத்தாளின் கையெழுத்து

வயலில் இறங்கிவிட்டால் கண்ணாத்தாளுக்கு வேறு எதுவும் கண்ணில் படாது. கையில் இருக்கும் நாற்று முடிச்சு தீரும்வரை நிமிர மாட்டாள். நிமிர்ந்தாலும், பக்கத்தில் நடுகிற பெண்களின் வரிசை கோணாமல் வருகிறதா என்று பார்க்கத்தான். நீடாமங்கலத்துக்குத் தெற்கே, பாமணி ஆற்றங்கரையில் இருக்கிறது அவள் ஊர். அந்தப் பக்கத்தில் நடவுக்கு ஆள் வேண்டும் என்றால் முதலில் அவள் வாசலில்தான் வந்து நிற்பார்கள். பெண்களைத் திரட்டிக்கொண்டு போவது, யார் எந்தப் பக்கம் நிற்பது என்று பிரித்துவிடுவது, வெயில் ஏறுவதற்குள் வேலையை ஓட்டுவது எல்லாம் அவள் வாய்ச்சொல்லில் நடக்கும்.

அவளுடைய அப்பா, நிலக்காரரான ரெங்கசாமியின் வீட்டில் பண்ணையாளாக இருந்தவர். ரெங்கசாமிக்கு வயதாகி, பிள்ளைகளும் வெளியூர் போய்விட்ட பிறகு, நிலத்தைக் குத்தகைக்கு விடப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. கண்ணாத்தாள் நேராகப் போய்க் கேட்டாள். கூட உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். ரெங்கசாமி சிரிக்கவில்லை, ஆனால் தயங்கினார்.

"பொம்பள ஒருத்தியா சாகுபடி பண்ணிடுவியா?"

"இத்தன வருசமா உங்க நெலத்துல நட்டதும் களை எடுத்ததும் அறுத்ததும் நாங்கதானே. இனிமே வெதைக்கணும், விக்கணும். அவ்வளவுதான்."

மூன்று ஏக்கர் கிடைத்தது. முதல் வருடமே மழை விடாமல் அடித்துப் பயிர் மூழ்கியது. மற்றவர்கள் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது, அவள் அரிவாளோடு வடிகாலில் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நின்று, அடைத்திருந்த ஆகாயத்தாமரையை அறுத்து அறுத்துத் தள்ளினாள். பாதிப் பயிர் பிழைத்தது. அடுத்த வருடம் அவளைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

கணவன் மருதையன் சாது. எந்த முடிவுக்கும் நாலு பேரிடம் கேட்டுவிட்டுத்தான் வருவான். பெரும்பாலும் அதற்குள் கண்ணாத்தாள் அந்தக் காரியத்தை முடித்திருப்பாள். ஒரே மகன் புகழேந்தி சிங்கப்பூரில் கட்டட வேலையில் மேற்பார்வையாளன். இதுதான் குடும்பம்.

அந்த ஐப்பசியில் இரண்டாம் போகமான தாளடி நடவு தள்ளிப்போயிருந்தது. மழை விட்டுவிட்டுப் பெய்து சேற்றுழவு முடியவில்லை. அதற்குள் நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டு வந்தது. முற்றின நாற்றை நட்டால் தூர் கட்டாது. அதனால் அன்று விடிந்ததுமே பெண்களைக் கூட்டிவந்து நாற்றுப் பறிக்க விட்டிருந்தாள்.

எழுந்ததிலிருந்தே கண்ணாத்தாளுக்குத் தாடை வலித்தது. கடைவாய்ப் பல் ஒன்று ஏற்கெனவே சொத்தை; அதுதான் என்று நினைத்துக் கிராம்பை வைத்துக் கடித்துக்கொண்டு வந்திருந்தாள். குனிந்து பறிக்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் வலி இரண்டு தோளுக்கும் இறங்கியது. ஈரத்துணியை முறுக்கிப் பிழிவதுபோல் நெஞ்சின் நடுவே ஒரு இறுக்கம். மழைக்காற்று சில்லென்று அடித்துக்கொண்டிருந்தது. அவளுக்கோ முதுகுப்பக்கம் ரவிக்கை முழுதும் நனைந்து ஒட்டிவிட்டது. வாந்தி வருவதுபோல் இருந்தது. முடிச்சைக் கீழே போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்தாள். கண்ணாத்தாள் வேலை நேரத்தில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

"வாயுவா இருக்கும். காலையில வெறும் வயித்தோட வந்துட்டாங்க" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி முதுகைத் தடவிவிட்டாள். ஓம வாட்டர் இருக்கிறதா என்று கேட்டாள் கண்ணாத்தாளே. சோடா வாங்கிவர ஒருத்தி கரையேறினாள்.

அவளை வைரக்கண்ணு கையை நீட்டி நிறுத்தினாள்.

வைரக்கண்ணு அந்தக் கூட்டத்தில் குரல் உயர்த்தாதவள். நிற்கச் சொன்ன இடத்தில் நிற்பாள், சொன்ன வரிசையை நடுவாள். அவளுடைய கணவன் மூட்டை தூக்குகிறவனாக இருந்தான். முந்தின ஆண்டு ஒரு மத்தியானம் நெஞ்சை அடைக்கிறது என்று வீட்டுக்கு வந்தான். வாயு என்றார்கள். சோடா குடித்தான், ஏப்பம் விட்டான், தேவலை என்று படுத்தான். சாயங்காலம் டீ போட்டுக்கொண்டு போய் எழுப்பியபோது அவன் எழவில்லை.

"அக்கா, எந்திரிங்க. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"வாயுவுக்கு யாராவது ஆஸ்பத்திரிக்குப் போவாங்களாடி? போய் நாத்தப் பறி."

"எந்திரிங்கக்கா."

"நாத்து முத்திக் கெடக்கு. நான் போயிட்டா இத யாரு பாப்பா?"

"பாக்க ஆளில்லன்னா கெடந்து போவட்டும்." வைரக்கண்ணுவின் குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. "எங்க வீட்டுக்காரருக்கும் இப்புடித்தான் வேர்த்துச்சு. இப்புடித்தான் வாயுன்னாங்க. நானும் கேட்டுக்கிட்டு சோடா வாங்கியாந்து குடுத்தேன். இன்னைக்கு நான் யாரு பேச்சையும் கேக்கறதா இல்ல. நீங்க வரலன்னா நாங்க யாரும் இந்த வயல்ல ஒரு நாத்து நட மாட்டோம்."

மற்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒருத்தி கையிலிருந்த நாற்றைக் கீழே போட்டாள். அடுத்தவளும் போட்டாள். கண்ணாத்தாள் அவர்களைச் சுற்றிப் பார்த்தாள். திட்டுவதற்கு வாயைத் திறந்தாள், மூச்சு வரவில்லை.

நாற்றுக்கட்டு ஏற்ற மூஸாவின் குட்டியானை வண்டி ரோட்டில் வந்து நின்றிருந்தது. ஏற்றியிருந்த கட்டுகளை மூஸா சாலையோரம் இறக்கிப் போட்டான். பின்தட்டில் சாக்கை விரித்து, கண்ணாத்தாளைச் சாய்த்து உட்கார வைத்து, வைரக்கண்ணு பின்னால் ஏறி அவளைத் தன் மேல் தாங்கிக்கொண்டாள். 108-க்கும் பேசினாள். எதிரில் வந்துகொண்டே இருங்கள், வழியில் ஏற்றிக்கொள்கிறோம் என்றார்கள்.

ஆஸ்பத்திரி தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். கேட் போட்டிருந்தது. அரிசி ஏற்றிய சரக்கு ரயில் ஒன்று பெட்டி பெட்டியாக ஊர்ந்தது. மூஸா இன்ஜினை அணைக்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ் வந்து நிற்பது பெட்டிகளின் இடுக்கில் தெரிந்து தெரிந்து மறைந்தது.

"பாத்தியா, அங்கேயே செத்த நேரம் படுத்திருந்தா சரியாப் போயிருக்கும்" என்றாள் கண்ணாத்தாள். முகம் சாம்பல் பூத்திருந்தது. வைரக்கண்ணு தன் முந்தானையால் அவள் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். கேட் தூக்கியதும் ஆம்புலன்ஸ்காரர்கள் ஸ்ட்ரெச்சரோடு இந்தப் பக்கமே ஓடி வந்தார்கள்.

அரசு ஆஸ்பத்திரியில் அன்று பணியில் இருந்தவர் டாக்டர் இர்ஃபானா. சீர்காழிக்காரப் பெண், வயது முப்பதுக்குள். கால் சேறுகூடக் கழுவாத கண்ணாத்தாளைப் படுக்க வைத்து, நெஞ்சில் ஒயர்களை ஒட்டி இசிஜி எடுத்தார்கள். தாளைக் கிழித்துப் பார்த்த இர்ஃபானாவின் புருவம் சுருங்கியது. உடனே ஒரு கை நிறைய மாத்திரைகளைக் கொடுத்தார். அதில் சிலதைக் கடித்து மென்று விழுங்கச் சொன்னார்.

"அம்மா, இது வாயு இல்ல. மாரடைப்பு. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோற குழாய் ஒண்ணு அடைச்சிருக்கு. இப்ப வாய்க்கால் இருக்கில்லையா, அதுல அடைப்பு விழுந்தா..."

"வாய்க்கால் எனக்குத் தெரியும் டாக்டரம்மா. அடைப்ப எப்படி எடுக்கப் போறீங்க, அதச் சொல்லுங்க."

இர்ஃபானா ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு சுற்றி வளைக்காமல் சொன்னார். குழாயில் ரத்தம் கட்டியாக உறைந்து நிற்கிறது. அதைக் கரைக்க ஒரு மருந்து இருக்கிறது. நரம்பு வழியாக ஏற்ற வேண்டும். நேரம் ஆக ஆக, ரத்தம் கிடைக்காத இதயத் தசை செத்துக்கொண்டே போகும். செத்தது திரும்பி வராது. மருந்திலும் ஆபத்து உண்டு. கட்டியைக் கரைக்கும் மருந்து, நூற்றில் ஒருவருக்கு மூளையில் ரத்தம் கசிய வைத்துவிடலாம். முன்னால் பக்கவாதம் வந்ததுண்டா, வயிற்றுப்புண்ணில் ரத்தம் போனதுண்டா, அண்மையில் ஆபரேஷன் ஏதாவது செய்ததுண்டா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் கண்ணாத்தாள் இல்லை என்று தலையசைத்தாள்.

அப்போதுதான் மருதையன் வந்து சேர்ந்தான். யாரோ பைக்கில் ஏற்றி வந்திருந்தார்கள். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. மருந்து ஏற்றச் சம்மதம் என்று கையெழுத்து வேண்டும் என்றபோது அவன் பேனாவை வாங்கவே இல்லை.

"மூளையில ரத்தம் கசியும்ங்கிறாங்களே. மகன்கிட்ட ஒரு வார்த்த கேட்டுடறேங்க. இப்பதான் அடிச்சேன், வேலையில இருக்கான், எடுக்கல. திருப்பிக் கூப்பிடுவான்."

"காத்திருக்கிற ஒவ்வொரு நிமிசமும் அவங்க இதயத்துலேர்ந்துதான் போகுதுங்க ஐயா" என்றார் இர்ஃபானா.

"தெரியுதும்மா. ஆனா ஏதாவது ஆயிட்டா அவனுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

மருதையன் மறுபடி போனை அழுத்தினான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. படுக்கையிலிருந்து கண்ணாத்தாள் கையை நீட்டினாள்.

"அந்தத் தாள இங்க குடுங்க டாக்டரம்மா."

"கண்ணாத்தா, செத்த பொறு..."

"வலிக்கிறது எனக்கு. கசிஞ்சாலும் எனக்குத்தான் கசியப்போவுது. என் நெஞ்சுக்கு நானே கையெழுத்துப் போட்டுக்குறேன். அவன் கூப்பிட்டான்னா அம்மா போட்டுட்டான்னு சொல்லுங்க."

இளம்வயதில் ஊருக்கு அறிவொளி இயக்கம் வந்தபோது, சாயங்கால வகுப்பில் போய்க் கற்றுக்கொண்ட கையெழுத்து அது. பள்ளிக்கூடம் போகாதவள். மூன்று சுழி 'ண்' மட்டும் அவளுக்கு வசப்படாமல் ஒரு வாரம் சிலேட்டில் அழித்து அழித்து எழுதினாள். குத்தகைக்கும் பாங்கிக்கும் அதைத்தான் போட்டுவந்தாள். இன்று படுத்தபடி, வைரக்கண்ணு பிடித்துக்கொண்ட அட்டையின் மேல், ஓரெழுத்து விடாமல் தன் பெயரை முழுதாக எழுதினாள். கடைசி எழுத்தில் கை துவண்டு கோடு கீழே இழுத்துக்கொண்டு போனது.

மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. நர்ஸ் ஒருவர் நகராமல் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டே இருந்தார். நடுவில் அழுத்தம் இறங்கியபோது காலைத் தூக்கி வைத்து, மருந்தின் வேகத்தைக் குறைத்து, மறுபடி கூட்டினார்கள். தாடை வலி விட்டது. நெஞ்சின் இறுக்கம் முக்கால்வாசி தளர்ந்ததுபோல் இருந்தது, பிறகு மறுபடி பிடித்தது. இன்னொரு இசிஜி எடுத்தார்கள்.

"மருந்து கொஞ்சம்தான் வேல செஞ்சிருக்கு" என்றார் இர்ஃபானா. "முழுசாத் தெறக்கல. தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ்ல சொல்லிட்டேன். அங்க கம்பி விட்டு அடைப்ப எடுத்துடுவாங்க. இப்பவே கெளம்பணும்."

மருதையன் இந்த முறை யாரையும் கேட்கவில்லை. "போவோம்" என்றான். ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையை அவனே பிடித்தான்.

அம்மாப்பேட்டை, சாலியமங்கலம் என்று ஆம்புலன்ஸ் ஊர்களைத் தாண்டியது. கண்ணாடி வழியாகக் கண்ணாத்தாளுக்கு வானமும் மின்கம்பிகளும் மட்டும் தெரிந்தன. வழியில் ஓரிடத்தில் இதயம் தாறுமாறாகத் துடித்து, பக்கத்தில் இருந்த கருவி கூவத் தொடங்கியது. கூட வந்த பணியாளர் ஊசி ஒன்றைப் போட்டார். கண்ணாத்தாள் கூட ஏறியிருந்த வைரக்கண்ணுவின் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். அந்தத் தடம் மறுநாள்வரை வைரக்கண்ணுவின் கையில் இருந்தது.

தஞ்சாவூரில் அவர்களுக்காகக் கதவு திறந்தே இருந்தது. இதய மருத்துவர் அன்பரசன் ஏற்கெனவே பச்சை உடுப்பில் தயாராக நின்றார். மயக்க மருந்து கொடுப்பார்கள் என்று நினைத்திருந்தாள், கொடுக்கவில்லை. வலது மணிக்கட்டில் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டு, அங்கிருந்த ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தினார்கள். உள்ளே போவது அவளுக்குத் தெரியவே இல்லை. சாயம் போன்ற ஒரு மருந்தை விட்டபோது மட்டும் உடம்புக்குள் சூடு பரவியது.

தலைக்குப் பக்கவாட்டில் திரை. அதில் கறுப்பாக, கிளைகளோடு ஒரு வடிவம் துடித்துத் துடித்துத் தெரிந்து மறைந்தது.

"அது என்னோடதா?"

"உங்களோடதுதான்மா. இந்தக் கிளை பாருங்க, பாதியில நூல் மாதிரி ஆயிடுது. இதுக்குக் கீழ ரத்தம் சரியாப் போகல. இப்ப ஒரு கம்பிய அதுக்குள்ள கொண்டுபோறேன். பலூன வச்சு விரிச்சு, வலை மாதிரி ஒரு சின்ன ஸ்டென்ட் வச்சுடுவோம். நடுவுல வலிச்சா சொல்லுங்க."

வலித்தது. பலூன் விரிந்தபோது காலையில் வந்த அதே வலி, அதே இடத்தில், முழு பலத்தோடு வந்தது. அவள் பல்லைக் கடித்தாள். "வலிக்குது" என்றாள், தகவல் சொல்வதுபோல். "தெரியும்மா, ஒரு நிமிசம்" என்றார் அன்பரசன். பலூன் சுருங்கியது. பிறகு நெஞ்சின் மேலிருந்து யாரோ காலை எடுத்ததுபோல் இருந்தது. மூச்சு அடிவயிறுவரை போய்வந்தது. திரையில் அந்தக் கிளை நுனிவரை கறுப்பாக ஓடுவதைக் கண்ணாத்தாள் பார்த்தாள். ஏன் என்று தெரியாமல் கண்ணில் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. துடைத்துக்கொள்ளக் கை இல்லை. ஒன்று கட்டப்பட்டிருந்தது, இன்னொன்றில் ஊசி. பக்கத்தில் நின்ற நர்ஸ் துடைத்துவிட்டார்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் மருதையனை உள்ளே விட்டபோது அவள் கேட்ட முதல் கேள்வி நாற்றைப் பற்றியது.

"அது கெடக்கட்டும் விடு" என்றான் மருதையன்.

"கெடக்குதா, நட்டாச்சா?"

நட்டுக்கொண்டிருந்தார்கள். வைரக்கண்ணு மறுநாளே முதல் பஸ்ஸில் ஊருக்குப் போய், ரோட்டோரம் மூஸா இறக்கிப் போட்ட கட்டுகளைப் பிரித்துப் பார்த்து, வாடினதைக் கழித்து, பெண்களைச் சேர்த்து இறங்கிவிட்டாள். பக்கத்து ஊர் நடவுக்குக் கூப்பிட்டவர்களிடம் அக்கா நிலம் முடிந்துதான் வருவோம் என்று சொல்லிவிட்டாளாம். மருதையன் இதைச் சொன்னபோது கண்ணாத்தாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வரிசைய நேரா வச்சாளாமா?" என்று மட்டும் கேட்டாள்.

வீடு திரும்புமுன் அன்பரசன் இருவரையும் உட்கார வைத்துப் பேசினார். குழாய் திறந்துவிட்டது. ஆனாலும் அதற்குள் இதயத்தின் அடிப்பக்கத் தசை கொஞ்சம் பாதிக்கப்பட்டிருக்கிறது. இறைக்கும் திறன் குறைந்திருக்கிறது. மாத்திரையை ஒருநாள்கூட விடக்கூடாது. விட்டால் ஸ்டென்ட்டே அடைத்துக்கொள்ளும். உப்பு குறைய வேண்டும். நடக்க வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். சேற்றில் குனிகிற வேலை, தூக்குகிற வேலை இப்போதைக்கு இல்லை.

"இப்போதைக்குன்னா எப்ப வரைக்கும் சார்?"

"உங்க இதயம் சொல்லட்டும். நாலு மாசம் கழிச்சு எக்கோ எடுத்துப் பாப்போம்."

வீட்டுக்கு வந்த பிறகுதான் பயம் வந்தது. அதை அவள் எதிர்பார்க்கவில்லை. ஏப்பம் வந்தால் நெஞ்சில் கை போகும். குளிக்கும்போது கதவைத் தாழ் போட மாட்டாள். நடக்கப் போ என்றால் வாசல்வரை போய் ஏதோ வேலை நினைவு வந்ததுபோல் திரும்பிவிடுவாள். புகழேந்தி லீவு போட்டு வந்து பார்த்துவிட்டு, "நெலத்தத் திருப்பிக் குடுத்துடும்மா, நான் அனுப்பறது போதாதா" என்று கெஞ்சிவிட்டுப் போனான். மருதையனும் ஊரில் நாலு பேரைக் கேட்டுவிட்டு அதையே சொன்னான். சேதி எட்டி, ரெங்கசாமியின் மகன் அரவிந்தன் சென்னையிலிருந்து போன் செய்தான்.

"உடம்பப் பாத்துக்குங்கம்மா. வேற ஒருத்தர் மொத்த நெலத்தையும் மிஷின் வச்சுப் பாத்துக்கறேங்கிறாரு. உங்களுக்கும் பாரம் கொறையும்."

எதிரில் மருதையன் தலையை ஆட்டி, சரி என்று சொல்லும்படி ஜாடை காட்டினான்.

"தம்பி, இந்தப் போகம் நட்டது வயல்ல நிக்குது. அத அறுத்துடறேன். அடுத்த குறுவைக்கும் நான்தான் பாப்பேன். முடியலன்னா நானே கூப்பிட்டு முடியலன்னு சொல்லுவேன். அதுவரைக்கும் வேற ஆள்கிட்ட பேசாதீங்க."

அரவிந்தன் தயங்கிவிட்டு, சரிங்கம்மா என்றான்.

மறுநாள் காலை அவள் ஆற்றங்கரைக்கு நடக்கக் கிளம்பினாள். மதகுவரை போக எண்ணம். பாதி வழியில் நெஞ்சு படபடத்தது. திரும்பிவிடலாமா என்று நின்றாள். உட்கார்ந்தாள். படபடப்பு தணிந்ததும் எழுந்து, மதகுக்குப் போகாமல், ஆனால் வீட்டுக்கும் திரும்பாமல், இன்னும் கொஞ்ச தூரம் போய்விட்டு வந்தாள். அடுத்த வாரம் மதகைத் தொட்டாள். மார்கழிப் பனியில் அவள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு போவதைப் பார்த்து இரண்டு பெண்கள் கூடச் சேர்ந்தார்கள். ஊறுகாய் ஜாடியைத் தூக்கி பக்கத்து வீட்டு மங்களாம்பிகைக்குக் கொடுத்துவிட்டாள். உப்பில்லாத குழம்பைச் சாப்பிடும்போது மட்டும் தினமும் திட்டினாள்.

நடவுக்கூட்டம் வைரக்கண்ணு கைக்குப் போயிருந்தது. ஆள் கேட்டு வருகிறவர்கள் இப்போது அந்த வாசலுக்குப் போனார்கள். முதலில் அது கண்ணாத்தாளுக்குக் குத்தியது. ஒருநாள் வைரக்கண்ணு வந்து, "அக்கா, நீங்க தேறி வந்ததும் நீங்களே பாருங்க" என்றாள்.

"வேணாம்டி. நீதான் பாரு. எனக்கு என் மூணு ஏக்கர் போதும்." பிறகு சற்று யோசித்துச் சொன்னாள்: "கூலி பேசும்போது நீ ரொம்ப எறங்கிப் போறியாம். அத மட்டும் செய்யாத."

தையில் அறுவடை ஆனது. வரப்பில் குடைக்குக் கீழே உட்கார்ந்து அறுவடை இயந்திரத்துக்கு வழி சொன்னாள் கண்ணாத்தாள். மாசி கழிந்ததும் தஞ்சாவூரில் எக்கோ எடுத்தார்கள். டாக்டர் அன்பரசன் திரையையும் பழைய அறிக்கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நல்லா ஏறியிருக்கும்மா. முழுசா இல்ல. செத்த தசை செத்ததுதான். ஆனா மத்த எடம் நல்லா வேல செய்யுது. மாத்திரைய விட்டீங்களா?"

"ஒருநாளும் விடல."

"நடக்கறீங்களா?"

"கேளுங்க இவர. கூட வர முடியாம நின்னுடறாரு."

"அப்ப வயலுக்குப் போங்க. மேற்பார்வை பாருங்க, லேசான வேல செய்யுங்க. மூச்சு வாங்கினா நிறுத்திடணும். மூட்ட தூக்கக் கூடாது."

வெளியே வந்ததும் மருதையன் பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ பார்த்தான். கண்ணாத்தாள் வேண்டாம் என்றாள். தஞ்சாவூர் வந்ததே வந்தோம், குறுவைக்கு விதை பார்த்துவிட்டுப் போய்விடலாம் என்றாள். விதைக் கடையில் ஆடுதுறை ரகம் எடுப்பதா, போன வருடம் பக்கத்து வயலில் நன்றாகக் கண்ட வேறு ரகம் எடுப்பதா என்று இருவரும் வாக்குவாதம் செய்தார்கள். கடைக்காரரிடமும், வாங்க வந்திருந்த ஒரு விவசாயியிடமும் மருதையன் அபிப்பிராயம் கேட்டான். அதற்குள் அவள் ஆடுதுறைப் பையைத் தேர்ந்து ஓரமாக வைத்துவிட்டாள்.

"ஒரு பை இன்னைக்கு எடுத்துக்குவோம். மிச்சத்த மூஸா வண்டியில வரவச்சுக்கலாம்."

பழக்கத்தில் குனிந்து பையின் காதைப் பிடித்தாள். பிறகு விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"தூக்குங்க, நீடாமங்கலம் பஸ் வந்துடும்" என்று சொல்லிவிட்டு, மருதையன் பையைத் தோளில் ஏற்றுவதற்குள் அவள் சாலையைக் கடந்து நிறுத்தத்துக்குப் போய் நின்றாள்.